இடுப்பளவுத் தண்ணீர்தானே என்று இறங்கலாமா?

கேள்வி:

ஐயா, எனக்குச் சொந்த ஊர் எளாவூர். அப்பாவும் சித்தப்பாவும் பழவேற்காடு ஏரியில் தொழில் செய்பவர்கள். நான் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கிறேன். நண்பர்களோடு ராமேஸ்வரம் போனபோது, பெரிய காத்தாடி ஒன்றை இடுப்பில் மாட்டிக்கொண்டு பலகைமேல் நின்றபடி கடலில் பறப்பவர்களைப் பார்த்தேன். அன்றிலிருந்து அதே நினைப்பு. துபாயிலிருந்து திரும்பிய உறவுக்காரர் ஒருவர் தன்னுடைய பழைய 12 சதுர மீட்டர் காத்தாடியைக் குறைந்த விலைக்குத் தருகிறேன் என்கிறார். எங்கள் ஏரியில் பல இடங்களில் இடுப்பளவுத் தண்ணீர்தான். காற்றுக்கும் குறைவில்லை. யூடியூப் பார்த்து இங்கேயே பழகிக்கொண்டு, பிறகு ராமேஸ்வரம், அப்புறம் இலங்கையில் கற்பிட்டி என்று போகலாமா? அந்தப் பக்கமெல்லாம் பவளப்பாறை ஆழமில்லாமல் கிடக்கிறதாமே, காலுக்கு ரப்பர் ஷூ போட்டால் போதுமா? நீச்சல் எனக்கு நன்றாகத் தெரியும்.

– வாசகர், எளாவூர்

பதில்:

தம்பி, ஏரியில் பழக வேண்டாம். ராமேஸ்வரத்தில், சொல்லிக்கொடுக்க ஆள் வைத்துப் பழகுங்கள். ஷூ கடைசிக் கவலையாக இருக்கட்டும். பழைய காத்தாடிக்கு இன்னும் பணம் கொடுக்கவில்லை என்று நம்புகிறேன்.

மணல் தரை, சுற்றிலும் தடையில்லாத வெளி, சரியான திசையில் காற்று, இந்த மூன்றும் அமைந்தால் இடுப்பளவுத் தண்ணீர் பழகுகிறவருக்கு வரம்தான். உலகம் முழுக்கப் பயிற்சிக்கூடங்கள் அப்படிப்பட்ட இடத்தைத் தேடித்தான் போகின்றன. எளாவூர்க் கரையில் மூன்றில் ஒன்றும் சரியாக அமையாது.

திசையைப் பாருங்கள். ஆனி, ஆடியில் உங்கள் பக்கம் காலையிலிருந்து மேலக்காற்று. எளாவூர் இருப்பதோ ஏரிக்கு மேற்கே. காற்று உங்களைக் கரையிலிருந்து ஏரிக்குள் தள்ளும். காத்தாடி தண்ணீரில் விழுந்து மறுபடி எழும்பவில்லை என்றால் நீங்கள் மிதந்து போகும் திசை ஸ்ரீஹரிகோட்டா. நடந்தே வந்துவிடலாமே என்று தோன்றும். சேற்றில் கால் புதையப் புதைய, காற்றுக்கு எதிராக, நனைந்த காத்தாடியையும் இழுத்துக்கொண்டு நடப்பது என்னவென்று உங்கள் சித்தப்பாவைக் கேளுங்கள், அவருக்குக் காத்தாடி தெரியாவிட்டாலும் சேறு தெரியும். பிற்பகலில் கடல்காற்று உள்ளே வந்ததும் திசை மாறிக் கிழக்கு, தென்கிழக்கிலிருந்து அடிக்கும். இந்த இரண்டுக்கும் நடுவே காற்று செத்துப்போகும் நேரம் ஒன்று உண்டு. எனக்குப் பிடிக்காத நேரம் அதுதான். மேலே நிற்கும் காத்தாடி காற்றில்லாமல் சரியும், கயிறு தொய்யும். வேறு பக்கத்திலிருந்து சட்டென்று காற்று பிடிக்கும்போது தொய்ந்த கயிறு ஒரே வெட்டில் இறுகி ஆளைத் தூக்கும். கடல்காற்று நிலைத்துவிட்டால் ஏரிக்குள் தள்ளாதுதான். ஆனால் கரையிலுள்ள வேலிக்காத்தான் புதருக்கும் மின்கம்பிக்கும் தள்ளும்.

அடுத்தது வலை. மீன்பிடிப் பாடு எப்படிப் பிரிக்கிறார்கள், யார் எந்த நாளில் எங்கே வலை கட்டுகிறார்கள் என்பதெல்லாம் நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காத்தாடியின் கயிறுகள் 20 மீட்டருக்கு மேல் நீளம், நாலைந்து இழைகள். இழுவையில் இருக்கும்போது அவை மாஞ்சா நூல் மாதிரி அறுக்கும். வலைக் கழியில் ஒரு சுற்று சுற்றிக்கொண்டால் போவது வலையா, உங்கள் விரலா என்று சொல்ல முடியாது. வலைக்காரருக்கு அன்றைய வருமானமும் போகும்.

ஏரி 1980-லிருந்து தமிழ்நாட்டுப் பகுதியில் பறவைகள் சரணாலயம். ஐப்பசியிலிருந்து பங்குனி வரை பூநாரைகள் அந்த ஆழமில்லாத தண்ணீரில்தான் மேய்கின்றன. தலைக்குமேல் பெரிதாக ஒன்று அசைந்தால் பறவைகளுக்கு அது பருந்து, கூட்டமே கிளம்பிவிடும். இதற்காகவே ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் வாடன் கடற்கரையின் பல இடங்களில் காத்தாடிக்குத் தடையோ எல்லையோ வைத்திருக்கிறார்கள். வனத்துறையைக் கேட்காமல் சரணாலயத்துக்குள் இறங்குவது வம்பை விலைக்கு வாங்குவது. தவிர, 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்ததை உங்கள் வீட்டில் மறந்திருக்க மாட்டார்கள். அதற்குப் பிறகு ஏரியில் உல்லாசப் படகுச் சவாரிக்கே தடை வந்தது. ராக்கெட் ஏவும் நாட்களில் மீனவர்களே கடலுக்குப் போக முடியாத பகுதி அது. அங்கே வானத்தில் 12 சதுர மீட்டர் துணியை ஏற்றிவிட்டு யாருக்கு என்ன விளக்கம் சொல்வீர்கள்?

ராமேஸ்வரத்துக்கு வருவோம். அந்தத் தீவின் அமைப்பே இந்த விளையாட்டுக்குத் தோதானது. தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் விரிகுடா. ஊர்க்காரர்கள் தெற்கை ஆண் கடல் என்றும் வடக்கைப் பெண் கடல் என்றும் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து கச்சான் அடிக்கும், அப்போது ஆண் கடல் பொங்கும். மார்கழி, தை, மாசியில் வடகிழக்கிலிருந்து வாடை, அப்போது பெண் கடலின் முறை. காற்று வலுத்தால் பாம்பன் பாலத்தில் ரயிலையே நிறுத்திவைக்கும் ஊர். பிரப்பன்வலசைப் பக்கம் குவெஸ்ட் என்ற பயிற்சிக்கூடத்தைப் போல, சான்றிதழ் பெற்ற பயிற்றுநர்களோடு நடப்பவை அங்கே உண்டு.

ஒரு இடத்தில் இறங்கலாமா என்பதைக் காற்று எவ்வளவு பலம் என்பதைவிட எந்தத் திசை என்பதுதான் தீர்மானிக்கிறது. கரையைப் பார்த்து நேராக அடித்தால் கரையிலேயே மோதுவீர்கள். கரையிலிருந்து கடலுக்கு அடித்தால் திரும்பி வரமாட்டீர்கள். கடலிலிருந்து கரைக்குச் சாய்வாக அடிக்கும் காற்றுதான் வேண்டும். விழுந்தாலும் மெல்லமெல்ல மணலில் கொண்டுவந்து போடும்.

இங்கேதான் ராமேஸ்வரத்தில் புதிதாக வருகிறவர்கள் ஏமாறுகிறார்கள். ஆடி மாதம் தெற்குக் கரையில் அலை ஆளுயரம் எழும். வடக்கே போய்ப் பார்த்தால் பெண் கடல் அலையில்லாமல், தரை தெரிய, பச்சையாகக் கிடக்கும். காற்றும் நன்றாக இருக்கும். பழக இதைவிட இடம் உண்டா என்று தோன்றும். அந்தக் காற்று தீவைத் தாண்டி, கரையிலிருந்து கடலுக்குப் போகும் காற்று. கரையோரம் அலை எழாததற்கே அதுதான் காரணம். கயிறு அறுந்தால் வடகிழக்காக இழுத்துக்கொண்டு போகும். அந்தத் திசையில் கச்சத்தீவும் சர்வதேச எல்லையும் இருக்கின்றன. அங்கே போய் மாட்டிக்கொண்டால் என்ன நடக்கும் என்பது மீனவர் வீட்டுப் பிள்ளைக்குத் தெரியும். மீட்புப் படகு கண்ணெதிரே எஞ்சினோடு நிற்காமல் கரைக்காற்றில் யாரும் இறங்கக் கூடாது. தனுஷ்கோடி பக்கம் மணல்திட்டுக்கு உட்புறம் காத்தாடி விடுகிறவர்கள் உண்டு, ஆனால் அரிச்சல்முனையில் இரண்டு கடலும் சேரும் நீரோட்டத்தில் குளிக்கவே கூடாது. உங்கள் நீச்சல் அங்கே உதவாது.

இனி பவளப்பாறை. ராமேஸ்வரத்து மீனவர்கள் பார் என்பார்கள். தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் நடுவே 21 தீவுகள், அவற்றைச் சுற்றிலும் பார் உண்டு. வடகரையிலும் பாம்பன், ஓலைக்குடா பக்கங்களில் கரையோரமாகவே உண்டு. பல இடங்களில் தலைக்குமேல் தண்ணீர் கிடையாது, சில இடங்களில் முழங்கால் அளவுகூடத் தேறாது. குருசடை, சிங்கிலி, முயல் தீவு என்று அந்தத் தீவுகள் 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. அனுமதியில்லாமல் போகக் கூடாது. பவளம் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடும் யானையோடும் சேர்த்து வைக்கப்பட்டிருக்கிறது. 1998, 2010, 2016 என்று கடல் சூடேறிய வருடங்களில் வெளுத்துச் செத்தது போக மீதம் இருப்பதுதான் இது. அதன்மேல் ஒருவர் எழுந்து நின்றால் ஒடியும் கிளை திரும்ப வளரப் பல வருடம் ஆகும். பழகும் காலத்தில் பார்ப் பக்கமே போகாதீர்கள் என்று நான் சொல்வதற்குப் பாதிக் காரணம் நீங்கள், பாதிக் காரணம் அது.

ஆழமில்லாத பாரில் ஆபத்து எங்கிருந்து வருகிறது? கால் கிழிவதை எல்லோரும் நினைக்கிறார்கள், அது சின்ன விஷயம். விழுவதற்குத் தண்ணீர் வேண்டும், பெரிய விஷயம் அதுதான். இரண்டு மீட்டர் உயரத்துக்குக் காத்தாடி தூக்கிவிட்டு, தொடையளவுத் தண்ணீரில் போட்டால் முதலில் தொடுவது தரை. மணலாக இருந்தால் சுளுக்கோடு போகும். பாராக இருந்தால் தலையோ முழங்காலோ தோள்பட்டையோ போகும். அதனால் பார் இருக்கும் இடத்தில் குதிக்கவே கூடாது. விழப்போகிறோம் என்று தெரிந்தால் காலை ஊன்றப் பார்க்காமல், கைகாலை விரித்துத் தட்டையாக, மேல்தண்ணீரிலேயே நிற்கும்படி விழ வேண்டும். ஏரிக்காரர்களுக்கு இது கடினம். விழுந்தால் கால் ஊன்றுவது பிறந்ததிலிருந்து உடம்புக்குப் பழகிய வேலை.

அடுத்து, தண்ணீரில் விழுந்த காத்தாடியின் கயிறு பவளக் கிளைகளில் மாட்டிக்கொள்ளும். ஒரு கயிறு மட்டும் மாட்டினால் காத்தாடி சரிந்து நின்று தானாகவே சுழன்று சுழன்று இழுக்கும். அந்த நேரத்தில் கொக்கிக் கத்தி இடுப்புப் பட்டையில் இருக்க வேண்டும், பைக்குள் இருந்து பயனில்லை. மூன்றாவது, பாரின்மேல் அலை தள்ளும் தண்ணீர் எங்காவது திரும்பிப் போக வேண்டும் அல்லவா? பாரில் உள்ள இடைவெளி வழியாக அது கடலுக்குள் ஓடும். அலை உடையாமல், சற்றுக் கருத்து, அமைதியாகத் தெரியும் இடம் அதுதான். இறங்குவதற்கு வசதியான வாசல் என்று நினைத்துத்தான் பலர் அங்கே போகிறார்கள்.

பாரைக் கண்ணால் படிக்கக் கற்க வேண்டும். இறங்கும் நாளுக்கு முன்தினம் வற்றுநேரத்தில் கரையில் நின்று பாருங்கள். மன்னார் வளைகுடாவில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான் என்றாலும் ஆழமே ஒரு மீட்டர் உள்ள இடத்தில் அது எல்லாமும் ஆகிறது. சூரியன் உச்சியில் இருக்கும்போது கூச்சம் தடுக்கும் கண்ணாடி போட்டுப் பார்த்தால் மணல் வெளிர்பச்சையாகவும் பார் பழுப்புத் திட்டாகவும் தெரியும். மாலை வெயிலில் எல்லாம் ஒரே வெள்ளியாக மின்னும், ஒன்றும் தெரியாது. அந்த வெளிச்சத்தில் படம் அழகாக வரும் என்று இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள், என்ன செய்வது. கச்சான் காலத்தில் தண்ணீர் கலங்கிவிட்டால் எந்த நேரத்திலும் தெரியாது. அப்போது அந்தக் கரையில் படகு ஓட்டும் ஒருவரை நிறுத்தி, பார் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று கையால் காட்டச் சொல்லுங்கள்.

காலுக்கு ஷூ போடலாம், போட வேண்டும், அடிப்பாகம் தடிமனாக இருக்கட்டும். ஆனால் தலைக்கவசமும், அடியைத் தாங்கும் மிதவை ஜாக்கெட்டும் அதற்கு முன்னால் வருகின்றன. பலகையைக் காலோடு கயிற்றால் கட்டாதீர்கள், இழுபட்டுத் திரும்பி வந்து தலையில் அடிக்கும். யூடியூபில் பலகைக்கு அடியில் நீண்ட கம்பமும் இறக்கையும் வைத்து, தண்ணீருக்கு மேலே மிதப்பதைப் பார்த்திருப்பீர்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸில் சிங்கப்பூரின் மேக்ஸ் மேடர், 17 வயதில், வெண்கலம் வென்றது அந்த வகையில்தான். அந்தக் கம்பம் தண்ணீருக்கடியில் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் இறங்கும். பார் இருக்கும் கடலில் அது வேண்டவே வேண்டாம்.

பவளம் கீறினால் சின்னக் கீறல் என்று விடாதீர்கள். நுண்ணிய துகள்கள் உள்ளே தங்கிச் சீழ் பிடிக்கும். நல்ல தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவி, துகளை எடுத்து, பீட்டாடின் போட்டு, டி.டி. ஊசி போட்டு நாளாகியிருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். மறுநாள் சிவந்து வீங்கினால் மருத்துவரிடம் போய்விட வேண்டும். திருக்கை முள் குத்தினால், பொறுக்கக்கூடிய அளவு சூடான தண்ணீரில் அரைமணி நேரத்துக்கு மேல் காலை வைத்தால் வலி இறங்கும். முள் ஆழமாகப் போயிருந்தாலோ மார்பு, வயிற்றில் குத்தினாலோ பிடுங்காமல் 108-ஐ அழையுங்கள். மணலில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடக்கும் பழக்கம் உங்கள் வீட்டிலேயே இருக்கும்.

காற்றின் கணக்கு ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். வேகம் இரண்டு மடங்கானால் இழுவை நான்கு மடங்கு. 15 நாட் காற்று 21 நாட் ஆனாலே இழுவை இரட்டிப்பாகிவிடும். ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர். 70 கிலோ ஆளுக்கு 15 நாட் காற்றில் 12 சதுர மீட்டர் சரி. ராமேஸ்வரத்தில் பருவம் உச்சத்தில் இருக்கும்போது அதே காத்தாடி உங்களைச் சொன்னபடி கேட்க வைக்கும், அது கேட்காது. மன்னார் வளைகுடாவில் 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசும், மீனவர்கள் செல்ல வேண்டாம் என்று வானிலை மையம் சொல்கிறதே, அது 24 முதல் 30 நாட். அந்த அறிவிப்பு உங்களுக்கும் சேர்த்துத்தான். ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் வெளியிடும் அலை எச்சரிக்கையையும் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இடிமேகம் தெரிந்தால் காத்தாடியை இறக்கிவிட வேண்டும், மழை வரட்டும் பார்க்கலாம் என்று நிற்கக் கூடாது. மழைக்கு முன்னால் காற்று வந்துவிடும்.

யூடியூப் பார்த்துப் பழகுவது பற்றி. பலகைமேல் நிற்பதை அதில் பார்த்துக் கற்றுவிடலாம் என்றே வைத்துக்கொள்வோம். நிற்பதற்கு முன்னால் வர வேண்டிய பாடங்கள்தான் ஆளைக் காப்பாற்றுகின்றன. இடுப்புக் கொக்கியை விடுவிக்கும் பிடி இருக்கிறது. அதைத் தள்ளினால் காத்தாடி ஒரே கயிற்றில் தொங்கி இழுவை இழந்துவிட வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு, தலைகீழாக இழுபடும்போதும் கை அந்தப் பிடிக்குப் போக வேண்டும். மணலில் நின்று இதைத் திரும்பத் திரும்பச் செய்யாத யாரையும் நான் தண்ணீரில் இறக்கியதில்லை. பிறகு, பலகையில்லாமல் உடம்பாலேயே காற்றுக்குக் குறுக்கே இழுபட்டுப் போய், நழுவிய பலகையை எடுத்து வருவது. கடைசியாக, ஆழத்தில் காத்தாடி செத்துப்போனால் கயிற்றைச் சுற்றி, காத்தாடியையே பாயாகப் பிடித்துக் கரை சேர்வது. இவற்றைச் சொல்லிக்கொடுக்காமல் முதல் நாளே பலகையைக் கையில் கொடுக்கும் இடமாக இருந்தால் கிளம்பி வந்துவிடுங்கள். உங்கள் எதிரே, காற்று போகும் பக்கத்தில் குறைந்தது 50 மீட்டர் வெறும் வெளி இருக்க வேண்டும் என்பதையும் அவர்கள் சொல்லியிருக்க வேண்டும். செல்போனை நீர்புகாத உறையில் உடம்போடு வையுங்கள். கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093.

கற்பிட்டி அதற்கு அடுத்த படி. அங்கே பழகுகிறவர்கள் இறங்குவது பெரும்பாலும் மணல்திட்டுக்குள் அடங்கிய களப்பில். பார் ரீஃப் எனும் பவளத் திட்டு வெளிக்கடலில் இருக்கிறது, 1992-லிருந்து சரணாலயம். களப்பில் பவளத்தைவிடக் கூட்டம்தான் தொல்லை. எதிரெதிரே வந்தால் வலது கை முன்னே இருப்பவருக்கு வழி, காற்று வரும் பக்கம் இருப்பவர் காத்தாடியை உயர்த்த வேண்டும், மற்றவர் தாழ்த்த வேண்டும், கரையிலிருந்து புறப்படுகிறவருக்குத் திரும்பி வருகிறவர் வழிவிட வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளாமல் அங்கே போனால் நாலு மொழியில் திட்டு விழும்.

இனி அந்த துபாய்க் காத்தாடி. 1984-ல் பிரான்ஸின் லெகைன்யூ சகோதரர்கள் காற்றடைத்த குழாய் வைத்த காத்தாடிக்குக் காப்புரிமை வாங்கிய பிறகுதான் தண்ணீரில் விழுந்தது மறுபடி எழும்புவது சுலபமாயிற்று. ஆகவே பழையதை வாங்கும்போது பார்க்க வேண்டியது அந்தக் குழாய். மாலையில் காற்றடைத்து விட்டுவிட்டுக் காலையில் வந்து தொட்டுப் பாருங்கள், தொய்ந்திருந்தால் ஒட்டு வேலை இருக்கிறது. துணியை விரலால் தேய்த்தால் காகிதம்போல் சரசரக்க வேண்டும், துவண்டிருந்தால் வெயில் தின்றுவிட்டது, அந்த ஊர் வெயிலுக்கு அது ஆச்சரியமில்லை. கயிறுகளை ஒரே ஆணியில் மாட்டி இழுத்தால் எல்லாம் ஒரே நீளம் இருக்க வேண்டும். விடுவிக்கும் பிடி உப்பேறி இறுகியிருந்தாலோ, எத்தனை வருடப் பழையது என்று அவருக்கே தெரியாவிட்டாலோ, துணி எவ்வளவு நன்றாக இருந்தாலும் கைப்பிடிப் பகுதியை மட்டும் புதிதாக வாங்குங்கள். விடுவிப்பு அமைப்புகளுக்கு 2020-ல் ஐஎஸ்ஓ 21853 என்ற தர அளவுகோல் வந்தது, அந்த எண் போட்டிருக்கிறதா என்று கேட்டு வாங்கலாம். பயிற்சிக்கூடத்தில் காத்தாடியும் சேர்த்தே தருவார்கள் என்பதால் இதற்கெல்லாம் அவசரமே இல்லை. உங்கள் எடைக்கும் அந்த ஊர்க் காற்றுக்கும் எந்த அளவு என்று பயிற்றுநர் சொன்ன பிறகு உறவுக்காரரிடம் விலை பேசுங்கள். அநேகமாக 9 சதுர மீட்டர் தேடச் சொல்வார்.